மூச்சுப் பின்னல்

இருபத்தாறு மாதிரிகள் வீணாய்ப் போன பிறகு, இருபத்தேழாவது துணி மூச்சு விட்டது.

ரிஸ்வானா முதலில் நம்பவில்லை. பின்னல் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய சாம்பல் நிறத் துண்டு அது. இரண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வழக்கம்போல இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்துவிட்டாள். சட்டென்று சுருங்க வேண்டிய துணி, யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கியது. கையில் பொத்திப் பிடித்தாள். உள்ளங்கைச் சூடு ஏறியதும் அது தன்னாலேயே மறுபடி விரிந்தது, மறுபடி சுருங்கியது. தூங்கும் பூனைக்குட்டியைக் கையில் வைத்திருப்பதுபோல் இருந்தது.

"சென்னியப்பண்ணா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

சென்னியப்பன் அந்தப் பனியன் கம்பெனியின் தலைமை ஃபிட்டர். இயந்திரம் எது மக்கர் செய்தாலும் அவர்தான் பார்க்க வேண்டும். திருப்பூர் மங்கலம் சாலையில் இருந்த அந்தக் கம்பெனியில், இயந்திரங்களின் இரைச்சலைவிட அவர் போடும் சத்தம்தான் அதிகம் என்பார்கள். ஊசி ஒன்று உடைந்தால் ஸ்பேனர் பறக்கும். கோயம்புத்தூரில் ஜவுளி வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்த ரிஸ்வானாவின் கடைசி வருட ப்ராஜெக்டுக்குக் கம்பெனி ஒரு பழைய பின்னல் இயந்திரத்தை ஒதுக்கிக் கொடுத்தபோது, அவரைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள். ஆனால் அவளிடம் மட்டும் அவர் சத்தம் போட்டதில்லை.

"ஏனம்மணி, இதென்ன பாம்பு மாதிரி நெளியுது?" என்றார்.

"புது நூலுங்கண்ணா. சாம்பிளா வந்துச்சுல்ல, அது. உடம்புச் சூட்டுக்குச் சுருங்கும். ஆனா நூல் மட்டும் காரணமில்ல. பின்னல்ல ரெண்டு கண்ணி விட்டு மூணாவது கண்ணிய ஊசிலயே தங்க வெச்சுப் பின்னியிருக்கேன். அதனாலதான் லேட்டாச் சுருங்குது."

"லேட்டாச் சுருங்குனா என்ன பிரயோசனம்?"

"இதப் பனியனாப் பின்னி மார்ல போட்டுக்கிட்டா, நம்ம மூச்சு இழுக்கறப்ப கூட விரியும். விடறப்ப நம்மள விட மெதுவாச் சுருங்கும். ஒடம்பு அதுக்குத் தகுந்தாப்ல மூச்சை மெதுவாக்கிக்கும். மூச்சு மெதுவானா படபடப்பு போயிரும்ணா. மாத்திரை வேண்டாம், கரண்டு வேண்டாம்."

சென்னியப்பன் துணியை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "அப்ப எனக்கு ஒண்ணு பின்னு. ரத்தக் கொதிப்புன்னு டாக்டர் திட்டிக்கிட்டே இருக்கறான்."

அடுத்த வாரம் பின்னிக் கொடுத்தாள். தையலே இல்லாத கையில்லாப் பனியன். இடுப்பு விளிம்பில் தொடங்கிக் கழுத்தில் முடியும் ஒரே நூல்.

அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்த மூன்றாம் நாள், யாரோ தவறான நூல்கண்டை ஏற்றிவிட, பெரிய இயந்திரத்தில் முப்பது ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. பின்னல் பகுதி முழுக்க அமைதியாகிவிட்டது. எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். அவர் இயந்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "செரி, மாத்திக்கலாம் போங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். ரிஸ்வானாவும் சிரித்தாள். அன்று ஹாஸ்டலுக்குப் போகும் பஸ்ஸில்கூடச் சிரிப்பு வந்தது.

விஷயம் முதலாளி சிபியின் காதுக்குப் போக இரண்டு நாள் ஆகவில்லை. சிபிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. வெளிநாட்டில் படித்துவிட்டு அப்பாவின் கம்பெனிக்குத் திரும்பியவர். யாரையும் மரியாதை இல்லாமல் பேசமாட்டார். துணியைக் கையில் வாங்கி, அது நெளிவதைக் கண்ணிமைக்காமல் பார்த்தார்.

"ரிஸ்வானா, இந்தக் கோடையில இங்க வேலை பாக்கறவங்க நிலைமை தெரியும்ல? கூரைக்குக் கீழ நாப்பத்தாறு டிகிரி. மத்தியானம் ஆனா எல்லாருக்கும் எரிச்சல், தலைவலி, சண்டை. நாலாம் தையல் லைன்ல முப்பத்தெட்டு பேர். அவங்களுக்கு இதைக் குடுத்துப் பார்ப்போம். உங்க ப்ராஜெக்டுக்கும் நல்ல ரிசல்ட் கிடைக்கும். காப்புரிமைல உங்க பேரும் இருக்கும்."

ரிஸ்வானாவுக்குக் காது சூடானது. ஈரோட்டில் இருக்கும் அத்தாவுக்கு அந்த நிமிடமே போன் செய்து சொல்ல வேண்டும் போலிருந்தது. சம்மதப் படிவத்தைத் தமிழில் அவளே எழுதினாள். 'உடல் சௌகரியத்துக்கான சோதனை ஆடை' என்று போட்டாள். அதில் பொய் ஏதும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தாள்.

நாலாம் லைனுக்குப் பனியன் கொடுப்பதற்கு முந்தின நாள் மதியம், சென்னியப்பனின் மனைவி மயிலாத்தாள் கம்பெனி வாசலுக்கு வந்து அவளைக் கூப்பிட்டனுப்பினார். கையில் ஒரு துணிப்பை. வெயிலில் நின்றிருந்ததில் முகம் சிவந்திருந்தது.

"நீதானுங்களா அம்மணி அந்தப் பனியன் பின்னிக் குடுத்தது?"

"ஆமாங்கம்மா. அண்ணனுக்கு இப்ப கோபமே வர்றதில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க."

"வர்றதில்லீங்க. முப்பது வருசமா அந்தக் கோவத்துல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நானே சந்தோசப்பட்டேன்." மயிலாத்தாள் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம என் பேத்தி மொட்டமாடிக் கைப்பிடிச் சுவத்துல ஏறி நின்னுக்கிட்டிருந்தா. ரண்டர வயசுக் குழந்தை. இவரு பக்கத்துலதான் ஈசிசேர்ல உக்காந்திருந்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு அம்மணி. நான் அலறிக்கிட்டு ஓடிப் புடிச்சேன். 'ஏனுங்க, பாத்துக்கிட்டே இருக்கறீங்களே'ன்னு கேட்டேன். 'எந்திரிக்கலாம்னுதான் நெனச்சேன், அவசரமாத் தோணல'ங்கறாரு."

ரிஸ்வானாவின் கண் அவர் கையிலிருந்த துணிப்பைக்குப் போனது.

"கோவம் போனது நல்லதுதான். பயமும் கூடவே போயிருச்சு." துணிப்பையை அவள் கையில் திணித்தார் மயிலாத்தாள். "இது எங்க வீட்டுக்கு வேண்டாங்க."

பனியன் உள்ளே இருந்தது. பைக்குள் கிடந்தும், வெயில் சூட்டில் அது விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

அவள் நேராகச் சிபியின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவருக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையும் ஓடுது ரிஸ்வானா. ரெண்டும் சேர்ந்து மந்தமாக்கியிருக்கும். ஒரு ஆளை வெச்சு முடிவெடுக்க முடியுமா? அதுக்குத்தானே முப்பத்தெட்டு பேர் வேணுங்கறோம். மூணு வாரம் பார்ப்போம். ஏதாவது தப்பாத் தெரிஞ்சா நீங்களே நிறுத்திடலாம்."

நீங்களே நிறுத்திடலாம் என்ற வார்த்தை அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

நாலாம் லைனில் ஓவர்லாக் இயந்திரத்தில் துணி ஓரம் தைக்கும் மாரீஸ்வரியை ரிஸ்வானாவுக்கு முன்பே தெரியும். தேனிப் பக்கத்துக்காரி, முப்பத்து நாலு வயது. ஃபேன் ஓடவில்லையா, குடிதண்ணீர் சுடுகிறதா, பாத்ரூமுக்குப் போனவளைச் சூப்பர்வைசர் ஏதாவது சொன்னானா, முதலில் எழுந்து நிற்பது அவள்தான். "எங்க ஒடம்பு என்ன மெசினா சார்?" என்று அவள் கேட்டால் அந்தக் கட்டடத்துக்கே கேட்கும். பனியனை வாங்கும்போதும் ரிஸ்வானாவைக் கிண்டல் செய்தாள். "இதப் போட்டா நான் வாய மூடிருவேன்னு ஒங்க சார் கனவு காணுறாரு பாப்பா. நடக்காது."

ஐந்தே நாளில் நடந்துவிட்டது.

ரிஸ்வானா தினமும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். நாலாம் லைனில் சத்தம் இல்லை. தலைவலி மாத்திரை கேட்டு யாரும் வரவில்லை. சூப்பர்வைசர் திட்டினால் தலையாட்டிவிட்டுத் தைத்தார்கள். பதினொரு மணி டீக்கு மணி அடித்தால், கையில் இருக்கும் துணியை முடித்துவிட்டு நிதானமாக எழுந்தார்கள். சில நாள் எழவே இல்லை. சோர்வு இல்லையா என்று கேட்டதற்கு, "இருக்கும்மா, ஆனா அதுபாட்டுக்கு இருக்கு" என்றாள் ஒருத்தி.

மூன்றாம் வாரத் தொடக்கத்தில் மாரீஸ்வரி தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தாள். இடது ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். ஓவர்லாக் ஊசி நகத்தின் வழியாக இறங்கி அடிப்பக்கம் வெளியே நின்றது. ரத்தம் முழங்கைவரை வடிந்து காய்ந்திருந்தது.

"இது எப்ப ஆச்சுக்கா?" ரிஸ்வானா கத்தியே விட்டாள்.

"காலையில போல. பண்டல முடிச்சுட்டுக் காட்டலாம்னு இருந்தேன். வலிக்குதுதான்." மாரீஸ்வரி விரலைத் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல். "பதறணும்னு தோண மாட்டேங்குது பாப்பா. நல்லாத்தான் இருக்கு."

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை கல்லூரியில் ரிஸ்வானாவின் ப்ராஜெக்டைப் பார்க்க நடுவர்கள் வருவதாக இருந்தது. சிபியிடம் விரல் விஷயத்தைச் சொன்னாள். "திங்கட்கிழமை உட்கார்ந்து முடிவு பண்ணலாம். உங்க வெள்ளிக்கிழமை முடியட்டும்" என்றார். நிறுத்தும் உரிமை தனக்கும் இருக்கிறது என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் நடுவர்கள் முன்னால் 'நடந்துகொண்டிருக்கும் சோதனை' என்று சொல்வதற்கும் 'நிறுத்தப்பட்ட சோதனை' என்று சொல்வதற்கும் எவ்வளவோ வித்தியாசம். மூன்று நாள்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை, கட்டிங் பகுதிக்குப் பின்னால் பஞ்சுத் தூசு மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் தீப்பிடித்தது.

அபாய மணி சரியாக அடித்தது. கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. மூன்று நிமிடத்தில் கம்பெனியே வெளியே வந்துவிட்டது. வேப்பமரத்தடியில் நின்று பேர் கூப்பிட்டபோது, நாலாம் லைனிலிருந்து ஒரு குரலும் வரவில்லை.

ரிஸ்வானா துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். பின்னாலேயே சென்னியப்பன் அவளைத் திட்டிக்கொண்டு ஓடி வந்தார். கூரையிலிருந்து புகை கறுப்பாக இறங்கி, ட்யூப் லைட்டுகளை மூடி, தலைமட்டத்துக்கு வந்திருந்தது. அதற்குக் கீழே முப்பத்தெட்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். இருமினார்கள். கண்களிலிருந்து தண்ணீர் ஊற்றியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி துணியைத் தள்ளினார்கள். எல்லா முதுகுகளும் ஒரே நேரத்தில் ஏறின, ஒரே நேரத்தில் இறங்கின.

"எந்திரிங்கக்கா! தீ! தீப்பிடிச்சிருச்சு!"

பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "மணி கேட்டுச்சும்மா. இந்தப் பீஸ முடிச்சுட்டு வந்துர்றேன்."

சென்னியப்பன் முதல் பெண்ணை முடியைப் பிடித்து இழுத்தார். "எந்திரிங்கடி, சாகப் போறீங்களா!" அவருடைய பழைய குரல் திரும்பி வந்திருந்தது. இழுத்தால் வந்தார்கள், விட்டால் நின்றுவிட்டார்கள். ஒவ்வொருத்தியாகக் கதவுவரை தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வெளியே இருந்து இன்னும் நான்கைந்து பேர் ஓடி வந்தார்கள். முப்பத்தேழு பேரை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குள் கூரை இடிந்து இறங்கிவிட்டது.

கடைசி இயந்திரத்தில் இருந்தவள் மாரீஸ்வரி.

விசாரணை அதிகாரி நல்லவராகத்தான் தெரிந்தார். ஒரு வாரம் கழித்து ரிஸ்வானாவைக் கூப்பிட்டு, அவள் சொன்ன எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"கதவு திறந்திருந்துச்சு. மணி அடிச்சிருக்கு. தீயணைப்புச் சிலிண்டர் எல்லாம் சரியா இருந்திருக்கு. கம்பெனி மேல என்னம்மா எழுதறது? ஒரு பனியன் போட்டதால ஓடி வரலைன்னா எழுத முடியும்?"

"அந்தப் பனியன சோதனைக்கு அனுப்புங்க சார்."

"நாலாம் லைன் பனியன் எல்லாத்தையும் கம்பெனியே வாங்கி அழிச்சிருச்சு. கரி படிஞ்சதுன்னு காரணம் சொல்றாங்க." அவர் அவளைச் சங்கடத்தோடு பார்த்தார். "இன்னொண்ணும் சொல்றேன். ஒருத்தர்கூடப் புகார் குடுக்கலம்மா. ஆஸ்பத்திரியில இருக்கற ஆறு பேர் வீட்டுக்காரங்களும் குடுக்கல, செத்துப்போன பொண்ணோட வீட்டுலயும் குடுக்கல. நானே போய்க் கேட்டுட்டேன். இவ்வளவு பக்குவமான ஜனங்கள நான் எங்கயும் பார்த்ததில்ல. நீங்க வேணா ஒரு தடவை பேசிப் பாருங்க."

மறுநாள் மதியம் ரிஸ்வானா மாரீஸ்வரியின் வீட்டைத் தேடிப் போனாள். கம்பெனிக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் வரிசை வீடுகள், ஒன்றை ஒட்டி ஒன்று. கதவைத் தட்டும்போது, அடிக்க வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டாள். கதவைத் திறந்தது மாரீஸ்வரியின் கணவர் அய்யனார். பனியனும் கைலியுமாக நின்றார்.

"வாங்கம்மா, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக. தண்ணி குடிக்கிறீகளா?"

அவர் குரலில் ஒரு கீறலும் இல்லை. மாலை போட்ட போட்டோவுக்குக் கீழே விளக்கு எரிந்தது. மாரீஸ்வரியின் அம்மா சுவரோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மூலையில், பள்ளிச் சீருடையிலேயே குப்புறப் படுத்திருந்த எட்டு வயதுப் பெண் மட்டும் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"எம்மக தன்யஸ்ரீ" என்றார் அய்யனார். "அது அழுதுக்கிட்டேதான் இருக்கு."

"நான்தான் அந்தப் பனியனைப் பின்னினவ" என்றாள் ரிஸ்வானா. எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது.

"தெரியும்மா. சிபி சார் சொன்னாரு. அவரு மறுநாளே வந்துட்டாரு. ரொம்ப நேரம் ஒக்காந்து பேசுனாரு. ஒங்களப் பத்தியும் நல்லபடியாச் சொன்னாரு. எங்களுக்கு யாரு மேலயும் வருத்தம் இல்ல."

அப்போதுதான் அவள் அவருடைய மார்பைப் பார்த்தாள். அந்த ஊரில் வீட்டிலிருக்கும் ஆண் பனியன் போட்டிருப்பதை யார் கவனிப்பார்கள்? சாம்பல் நிறம். இரண்டு கண்ணி விட்டு மூன்றாவது. விரிந்தது. ஒரு கணம் நின்றது. மெதுவாகச் சுருங்கியது. ரிஸ்வானா கிழவியைத் திரும்பிப் பார்த்தாள். ரவிக்கைக்கு மேலே, கழுத்தோரம் அதே சாம்பல் விளிம்பு தெரிந்தது.

"மனசுக்கு நல்லதுன்னு ஆளுக்கொண்ணு குடுத்தாரும்மா. ஆஸ்பத்திரியில இருக்கவக வீட்டுக்கும் குடுத்திருக்காரு. பெரிய மனசு." அய்யனார் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பாப்பாவுக்கு மட்டும் சைசு இல்லைன்னுட்டாக. சின்னதா ஒண்ணு பின்னித் தர முடியுமா?"

எட்டு வயது. இருபத்தைந்து அங்குல மார்பு. நூற்றறுபது ஊசி போதும், தோளில் பன்னிரண்டு குறைக்க வேண்டும். ரிஸ்வானா தடுப்பதற்குள் அவள் மனம் கணக்கை முடித்துவிட்டது.

"அதைக் கழட்டுங்கண்ணா" என்றாள். "தயவுசெஞ்சு கழட்டுங்க."

"கழட்டுனா என்னாகும்?"

"அழுவீங்க."

"அப்புறம்?"

"கோபம் வரும். எங்க மேல வரும். வரணும்."

அவர் யோசித்தார். "வேணாம்மா. இப்பிடியே இருக்கட்டும். நல்லாத்தானே இருக்கு."

மூலையிலிருந்த குழந்தை எழுந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "அப்பா அழுகவே மாட்டேங்குது" என்றாள் ரிஸ்வானாவிடம். "ஆச்சியும் அழுகல. நான் மட்டும்தான் அழுகுறேன். எங்கூட யாருமே அழுக மாட்டேங்குறாக."

ரிஸ்வானா எழுந்து அவளிடம் போனாள். கையைப் பிடித்து அழைத்துவந்து அய்யனாரின் முன்னால் நிறுத்தினாள். அவருடைய இடது தோளில், கழுத்து விளிம்பின் உட்புறம் விரலை நுழைத்து, நகத்தால் ஒரு முடிச்சைத் தேடினாள். பனியன் முடியும் இடம் அது. முடிச்சைப் பிரித்து, அரை விரல் நீள நூலை வெளியே எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தாள்.

"இதப் பிடிச்சு இழு. விடாம இழு."

தன்யஸ்ரீ இழுத்தாள். கழுத்து விளிம்பு சரசரவென்று பிரிந்தது. அய்யனார் தடுக்கவில்லை. தன் தோள் பிரிவதைக் குனிந்து வேடிக்கை பார்த்தார். இரண்டு தோளும் போயின. நூல் சுருள் சுருளாகக் குழந்தையின் காலடியில் விழுந்தது. விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் துடித்தது. அவள் இரண்டு கைகளாலும் மாற்றி மாற்றி இழுத்தாள். பிரிந்து பிரிந்து துணி மார்புக்கு இறங்கியபோது, அவர் மூச்சு ஓரிடத்தில் தட்டி நின்றது. பிறகு வேகமாக ஒன்று. இன்னொன்று. வாய் கோணியது.

அந்த வரிசையில் இருந்த எல்லா வீடுகளுக்கும் கேட்கும்படி அவர் அலறினார். மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தரையில் நெற்றியை முட்டிக்கொண்டு அலறினார். கிழவி கீரையை வைத்துவிட்டு, என்ன சத்தம் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கதவுகள் திறக்கும் சத்தமும் ஓடி வரும் காலடிகளும் கேட்டன.

வெகு நேரம் கழித்து அவர் தலையைத் தூக்கினார். ரத்தச் சிவப்பாக இருந்த கண்கள் ரிஸ்வானாவின் மேல் நிலைத்தன. கை அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

"அவ ஏன் ஓடி வரல?" என்றார். "கதவு தொறந்துதானே கெடந்துச்சு? எம்பொண்டாட்டி ஏன் ஓடி வரல? சொல்லு!"

வலித்தது. அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. வாசலில் சனம் கூடிவிட்டிருந்தது. அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, ரிஸ்வானா இருபத்தேழாவது துணியிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.